அக்கி இல்லை, பழைய கட்டம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்தது 2019-இல். பிறகு 25 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தழும்போரம் மறுபடி கட்டி. அறுத்தெடுத்துவிட்டு அதே இடத்தில், சற்றுச் சிறிய கட்டத்தில், இரண்டாம் முறையும் கதிர்வீச்சு. காவேரிப்பட்டணத்துக்கும் பெங்களூருக்கும் பஸ்ஸில் அலைந்த கதையை விட்டுவிடுகிறேன்.

இரண்டு மாதத்தில் தோல் நன்றாக ஆறியிருந்தது. டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தின் முதல் ஊசி போட்ட ஐந்தாம் நாள் காலை, மார்பு தீயாய் எரிகிறது என்றார் அம்மா. செக்கச்செவேல் என்றிருந்தது. "அக்கிதான் இது, குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொண்டு வா" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உள்ளூர் டாக்டர் கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்தார். மூன்றே நாளில் கொப்புளம்.

எனக்கு உறுத்தியது அதன் ஓரம்தான். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் காறையெலும்புக்குக் கீழே ஒரு நேர்கோடு, நடுநெஞ்சில் ஒன்று. அதற்குள் இன்னொரு சின்னக் கட்டம், கத்திரிக்காய் நிறத்தில். அது இரண்டு முறையும் கரண்ட் பட்ட இடம். முதுகிலோ வயிற்றிலோ ஒரு புள்ளி கிடையாது. அக்கிக்கு அளவெடுக்கத் தெரியுமா என்ன?

கதிர்வீச்சின்போது உடம்பில் போட்ட மார்க்கர் கோடுகளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையும் இரண்டு கதிர்வீச்சுக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் ஓடினேன். படத்தையும் தோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரேடியேஷன் ரீகால்" என்றார். முன்பு கதிர் பட்ட தோல், பின்னால் வரும் மருந்தால் மறுபடி வெந்து எழும்புமாம். ஆக்டினோமைசின்-டி என்ற புற்றுநோய் மருந்தில் 1959-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டோசிடாக்சல், டாக்சோரூபிசின், ஜெம்சிடாபின் ஆகியவற்றிலும் உண்டு. சில நாளிலும் வரும், சில வருடம் கழித்தும் வரும். இவ்வளவு தெரிந்த விஷயத்தை ஊசிக்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த ஊசியை நிறுத்தினார். ஸ்டீராய்டு களிம்பு, கொப்புளத்தின் மேல் ஒட்டாத கட்டு. அம்மா அரைத்து வைத்திருந்த வேப்பிலை மஞ்சளுக்குத் தடை. ரவிக்கை உரசாமலிருக்க அப்பாவின் பழைய மல் சட்டையோடு மூன்று வாரம் கழிந்தது. தோல் வெங்காயச் சருகாய் உரிந்தது.

சிலருக்கு அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தும் வராமல் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆனாலும் அம்மாவுக்கு மருந்தை மாற்றினார். புது ஊசிக்கு ஐந்தாம் நாள் காலை, இருவரும் பேசாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பார்த்தோம். கட்டம் மங்கலாக, பழைய கறுப்பிலேயே கிடந்தது.