ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் அத்தை

எங்கள் ஊர் மேலூர் பக்கம். எட்டுப் பாட்டுள்ள என் முதல் ஆல்பம் தை மாதம் வெளியானது. எப்படிச் செய்தாய் என்று கேட்பவர்கள் மைக் என்ன, மென்பொருள் என்ன என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதிலெல்லாம் சிக்கலே இல்லை. சிக்கல் அத்தையிடம்தான்.

ஏழு பாட்டு நானே எழுதி, கிதாரில் மெட்டுக் கட்டியவை. எட்டாவது, அப்பத்தா செத்த அன்று அத்தை பாடிய ஒப்பாரி. மற்ற ஏழும் அதிலிருந்து கிளைத்தவைதான். சென்னை சாலிகிராமத்தில் ஸ்டுடியோ பேசி முடித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

"சாவு விழுகாத எடத்துல ஒப்பாரி வைக்கச் சொல்றியே மருமகனே, வெளங்குமா? அந்த ஸ்டுடியோக்காரன் புள்ளகுட்டியோட பொழைக்க வேணாமா?"

வீட்டிலும் கூடாது. கடைசியில் ஊருக்கு வெளியே, கிணற்றடி பம்புசெட்டில் பாடச் சம்மதித்தார். மும்முனை மின்சாரம் இல்லாத நேரமாகப் பார்த்து, கையடக்க ரெக்கார்டரை 24 பிட் தரத்தில் வைத்துப் பதிந்தேன். ஒரே டேக். இரண்டாவது கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டுடியோவில் இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். தாளம் பிசகாமல் இருக்கக் காதில் ஓடவிடும் 'டிக் டிக்' சத்தமான க்ளிக் இல்லை, தாளத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் அத்தை விம்முவார்; ஒரு விம்மல் மாதிரி இன்னொன்று இருக்காது. அதையெல்லாம் வெட்டி அளவாக ஒட்டிப் போட்டுக் காட்டினார். யாரோ இருமுகிற மாதிரி இருந்தது. பழையபடியே விடச் சொன்னேன். அடுத்தது சுருதி. அதைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். அத்தை ஐந்து கட்டையிலும் இல்லை, ஐந்தரையிலும் இல்லை. "குரலை இழுத்து ஐந்தரைக்குக் கொண்டாந்துரலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அதற்குப் பதில் கிதாரை அத்தையின் சுருதிக்குச் சேர்த்தேன். அரை நாள் போனது.

பறை வாசித்த அண்ணன் இன்னொரு கூத்து. ஏசி அறையில் தோல் தொய்ந்துவிடும். வாசலில் செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓடிவருவார், இரண்டாவது சரணத்துக்குள் சத்தம் இறங்கிவிடும். ஏசியை அணைத்து, எல்லோரும் வேர்த்து வழிந்து முடித்தோம்.

பிறகு, பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவம். பாடலாசிரியருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். அத்தைக்கு இருப்பது ஒரே பெயர்; முன்னெழுத்தைப் போட்டால் ஏற்கவில்லை. தாத்தாவின் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டேன். "ஒப்பாரிதானே, மரபுப் பாடல்னு டிக் பண்ணிருங்க" என்று நண்பர்கள் சொன்னார்கள். மெட்டு மரபுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பத்தாவின் ஒற்றைக்கண் வெள்ளாட்டைப் பற்றிய வரிகள் எந்த மரபில் வந்தன? அவை அத்தை கட்டியவை. வரி அத்தை, மெட்டு மரபு என்று பிரித்துப் பதிந்தேன். வருமானத்தில் பாதி அவருக்கு என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஊர்ப் பாட்டை எடுத்துப் பாடுகிற தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ணை, அதாவது அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்துக் குறியீட்டை, விநியோக நிறுவனமே கொடுத்துவிட்டது. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். அட்டையில் பெயர் தமிழிலும் படிவத்தில் ஆங்கிலத்திலும் இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். மார்கழியில் வரவேண்டியது தைக்குப் போனது அதனால்தான். பணம்? ஒரு தளத்தில் வருஷத்துக்கு 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்டியது அத்தையின் பாட்டு ஒன்றுதான்.

வெளியான அன்று சாயங்காலம் வீட்டில் போனில் போட்டேன். "விளக்கு வச்ச நேரத்துல என்னய்யா இது, அமத்து" என்றார் அத்தை. சரியென்று குடும்பத்தோடு பம்புசெட்டுக்கு நடந்தோம். வெள்ளாட்டு வரி வரும்போது மும்முனை வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"நான் பாடுறப்ப வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சு, கேக்கறப்ப கத்துது பாரு" என்று அத்தை எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.