கஞ்சமலையில் ஒரு காந்தத் துண்டோடு

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேலத்தில் இளம்பிள்ளை பஸ் ஏறினேன். சித்தர்கோயிலில் இறங்கினால் எதிரே கஞ்சமலை. அமாவாசை என்றால் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. நான் போனது ஒரு புதன்கிழமை. உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு வந்திருந்த இரண்டு குடும்பங்களைத் தவிர ஆள் இல்லை.

சாமி கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த ஓடையில் இறங்கினேன். முந்தின வாரத்து மழை வெள்ளை மணலை ஒதுக்கிவிட்டு, நடுவில் கோடு கோடாகக் கறுப்பு மணலைப் படியவிட்டிருந்தது. காந்தத்தை பாலிதீன் பையில் சுற்றி அதன் மேல் இழுத்தேன். எடுத்துப் பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது! மேக்னடைட், காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. மலையில் இது வெள்ளைக்கல்லோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கிறது.

அந்த வெள்ளைக்கல்லைப் பிரிப்பதுதான், இந்தத் தாதுவிலிருந்து இரும்பு எடுத்த பழைய உலைக்காரர்களுக்கு முதல் வேலை. தாதுக்கல்லை இடித்துப் பொடியாக்கி ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். இல்லையென்றால் முறத்தில் போட்டு, நெல்லைப் புடைப்பது போலப் புடைப்பார்கள். கல் பறந்துவிடும், இரும்பு முறத்தில் நிற்கும். உலையும் பெரிதல்ல, மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில் மண்ணால் கட்டியது. கரியும் தாதுப்பொடியும் மாற்றி மாற்றிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தி இரண்டை மூன்று நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஊதினால், அடியில் இரும்பு கட்டியாகச் சேரும்.

அந்த இரும்பை உருக்காக மாற்றிய விதத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில், அதாவது உருக்கும் குப்பியில் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயை மண்ணால் பூசி மூடி, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரிந்து, அந்தக் கரி இரும்புக்குள் ஏறி உருக்கு ஆகிறது. ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்று எழுதியது இதைத்தான். லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தது 1819 வாக்கில். நான் நின்ற மேட்டைச் சுற்றி ஆவாரை பூத்துக் கிடந்தது, வேலி ஓரம் எருக்கு. எட்டடி தூரத்துக்குள் எல்லாச் சரக்கும் இருந்தன.

பக்கத்துக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர், “என்னங்க தேடறீங்க?” என்றார். காந்தத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு, வரப்போரம் கூட்டிப்போய் ஒரு கறுப்புக் கட்டியை எடுத்துக் கையில் வைத்தார். “சிட்டமுங்க. ஏர் ஓட்டறப்ப வந்துட்டே இருக்கும். எங்க தாத்தா காலத்துலயே உலை இல்லீங்க, ஆனா சிட்டம் இன்னும் தீரல.”

சிட்டம் என்பது இரும்பு உருக்கும்போது கழியும் கசடு. ஒரு பக்கம் கூழ் வழிந்து உறைந்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது. மறுபக்கம் கரித்துண்டு ஒன்றின் அச்சு. மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரியை அள்ளிப் போட்டவர் யார்? எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

செய்முறையை எழுதி வைத்த வெள்ளைக்காரரின் பெயர் இருக்கிறது: ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போனது. ஆனால் அந்த ஊதுலைகளுக்கு நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. காடு அழிய அழியக் கரி தூரமாகிக்கொண்டே போனது, ஆலை நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகளுக்கு அதனால் நல்ல லாபம். அவருக்குக் கிடைத்தது வழக்கும் கடனும்தான். 1851ல் இறந்துபோனார்.

திரும்பும் வழியில் சேலம் உருக்காலையின் மதிலைப் பார்த்தேன். 1981ல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் ஊர் இந்த ஆலையைக் கேட்டது. வந்தது, வெளியூரிலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைக் கொண்டுவந்து மெல்லியதாக உருட்டித் தரும் ஆலை. 2010க்குப் பிறகு உள்ளேயே உருக்குகிறார்கள், அதுவும் பழைய இரும்பைப் போட்டு. பக்கத்து மலையின் தாதுவில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், கட்டுப்படியாகாது என்கிறார்கள். மலையை வெட்டாமல் விட்டதில் எனக்குச் சந்தோஷமே. ஓடையும் ஆவாரையும் அங்கேயே இருக்கட்டும்.

இந்த ஆலை நாணயசாலைகளுக்கு நாணயம் அச்சடிக்கும் வட்ட வில்லைகளும் வெட்டித் தருகிறது. பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த ஒரு ரூபாயைச் சட்டைப்பையில் போட்டேன். வீட்டில் வந்து எடுத்தபோது அது காந்தத்தோடு ஒட்டியிருந்தது, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு மணல்.