சீட்டுக்கட்டை வெட்டி வைக்கிங் நாடா நெய்தல்: இதுவரை

நார்வேயில் டான்ஸ்பெர்க் நகருக்குப் பக்கத்தில் ஓஸெபெர்க் என்ற இடத்தில் 1904-இல் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழு வைக்கிங் கப்பல், அதாவது அந்தக் கால வடஐரோப்பியக் கடலோடிகளின் கப்பல். அதில் இரண்டு பெண்களின் எலும்புகள். கி.பி. 834-இல் புதைத்தது. அந்தக் கப்பலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குள் கிடந்த, நாடா நெய்யும் சின்னச் சின்னச் சதுரப் பலகைகள். மொத்தம் 52, பாதி நெய்த நாடாவும் நூலும் கோத்தபடியே கிடைத்தன. யாரோ நெய்துகொண்டிருந்ததை அப்படியே எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

52 என்றதும் சீட்டுக்கட்டு நினைவுக்கு வராமல் இருக்குமா? இந்த முறையில் நெய்கிறவர்கள் பலரும் பழைய சீட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

இதற்குத் தறியே வேண்டாம். சதுர அட்டை, நான்கு மூலையில் நான்கு துளை, துளைக்கு ஓர் இழை. அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் கால் சுற்று திருப்பினால், மேலே இருந்த இழைகளில் ஒரு பாதி கீழே போகும், கீழே இருந்ததில் பாதி மேலே வரும். நடுவில் திறக்கும் வழியில் ஊடையை (குறுக்கே போகும் இழை) விட்டு, இறுக்கித் தட்டி, மறுபடி கால் சுற்று. ஓர் அட்டையின் நான்கு இழைகளும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு மெல்லிய கயிறாகும். ஊடை அந்தக் கயிறுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டும். அதனால்தான் நாடா பை வார் மாதிரி கெட்டியாக வருகிறது. ஊடை ஓரத்தில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

52 அட்டை என்றால் 208 இழை. அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை. 12 சீட்டு, 48 இழை என்று ஆரம்பித்தேன். பேப்பரில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினே போதும். ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூல் இதற்கு லாயக்கில்லை. திருப்பும்போதெல்லாம் உரசிப் பிசிறு விட்டு, பக்கத்து இழையைக் கவ்வுகிறது. நன்றாக முறுக்கிய க்ரோஷே பருத்தி நூல் வழுக்கிக்கொண்டு போகிறது. வைக்கிங் பெண்கள் நெய்தது ஆட்டுக் கம்பளியிலும் ஆளி நூலிலும்; வசதியான வீடுகளில் பட்டிலும். ஆனால் அவர்கள் கம்பளி கடையில் கிடைக்கிற புசுபுசு ரகம் இல்லை. அவர்களுடைய ஆடுகளுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலடுக்கின் நீளமான முடியைத் தனியாகப் பிரித்து, கடினமாக முறுக்கி நூற்பார்கள். அதனால் என் பருத்தியைப் பற்றி எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி இல்லை.

பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஒரு முனை ஜன்னல் கம்பியில், இன்னொரு முனை என் இடுப்பு பெல்ட்டில். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் இழை இறுகும், முன்னால் வந்தால் தளரும். யாராவது காலிங் பெல் அடித்தால் மட்டும் சிக்கல்.

வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான பகுதி. ஒரே அட்டையில் இழையை இடப்பக்கமிருந்து கோத்தால் கோடு ஒரு பக்கம் சாயும், வலப்பக்கமிருந்து கோத்தால் எதிர்ப்பக்கம் சாயும். பாதி அட்டைகளை இப்படியும் பாதியை அப்படியும் கோத்தால் நடுவில் அம்புமுனை. நான்கு முறை முன்னோக்கியும் நான்கு முறை பின்னோக்கியும் திருப்பினால் அதுவே மூடிக்கொண்டு வைரக்கட்டமாகிறது. இந்தத் திருப்பலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் அட்டைகளுக்கு அந்தப் பக்கம் முறுக்கு ஏறி ஏறி, கடைசியில் அட்டை நகரவே நகராது. பின்னோக்கித் திருப்பினால் அது தானாகப் பிரிகிறது.

ஊடையைத் தட்ட மர ஸ்கேலை வைத்திருக்கிறேன். பெரிய தறியில் அவர்கள் இதற்கு வைத்திருந்தது வாள் வடிவக் கருவி. இரும்பிலும் திமிங்கல எலும்பிலும் செய்தவை பெண்களின் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. இதைப் பார்த்த பிறகுதான் ஐஸ்லாந்தின் பழங்கதையான ந்யால் சாகாவில் வரும் ஒரு பாட்டு எனக்குச் சரியாகப் புரிந்தது. 1014-இல் டப்ளின் பக்கத்தில் நடந்த க்ளான்டார்ஃப் போரையொட்டி, வால்கிரிகள் (போரில் யார் சாக வேண்டும் என்று முடிவு செய்யும் தேவதைகள்) பன்னிரண்டு பேர் தறியில் போரின் முடிவை நெய்கிறார்கள். பாவு மனிதக் குடல், பாவை இழுத்துப் பிடிக்கும் எடைக்கற்களுக்குப் பதில் மனிதத் தலைகள், தட்டுவதற்கு நிஜ வாள். கேட்கக் கோரமாக இருந்தாலும், தறியை நன்றாக அறிந்தவர் கட்டிய பாட்டு. ஒவ்வொரு உறுப்பும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

வைக்கிங் என்றாலே கோடரியும் கப்பலும் என்று ஆகிவிட்டதில் எனக்கு இப்போது கொஞ்சம் எரிச்சல். கப்பல் ஓடியது பாயால். பாய் நெய்தது கம்பளியில். டென்மார்க்கில் ரோஸ்கில்ட் அருகே 1962-இல் எடுத்த சரக்குக் கப்பலின் நகலான ஓட்டாருக்குப் பாய் 90 சதுர மீட்டர். ஒரு விரல் அகல நாடாவுக்கே எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. அதுவும் நூல் கடையில் வாங்கியது. அவர்கள் கதிரில் கையாலேயே நூற்க வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற வைக்கிங் குடியிருப்பிலும் மாக்கல்லில் செய்த தக்களி வட்டு ஒன்று கிடைத்தது. அங்கே 1021-இல் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று 2021-இல் உறுதியானது. அட்லாண்டிக்கைக் கடந்து போன இடத்திலும் நூற்பு நிற்கவில்லை.

இப்போது கையில் இருப்பது இரண்டு முழ நாடா. முதல் சாண் ஓரம் அலை அலையாக இருக்கிறது. ஊடையை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுக்கப் பழகிய பிறகு நேராகிவிட்டது. அடுத்து ஸ்வீடனின் பிர்கா கல்லறைகளில் கிடைத்த மாதிரி. பட்டு நாடா, பலதும் ஒரு சென்டிமீட்டர் அளவே அகலம், மேற்பரப்பில் மட்டும் தெரியும்படி வெள்ளி இழையை இரண்டாவது ஊடையாக ஓட்டியிருப்பார்கள். பட்டு நூலின் மேல் தகடு சுற்றிய புடவை ஜரிகையே அதற்குப் பொருந்தும் என்று ஒரு கண்டு வாங்கிவிட்டேன். ஆனால் 12 சீட்டில் வடிவம் போட இடம் போதாது. 20 சீட்டுக்குப் பாவு ஓட்டிய பிறகுதான் ஜரிகையைப் பிரிப்பேன்.