தவில் முன்னால் வந்த கதை

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் நாலு பேர். ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் மாட்டிக்கொள்கிற சின்னப் புரோகிராம்களை, அதாவது பிளகின்களை, எழுதி விற்கிறோம்: எக்கோ, ஏறும் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரசர், ஈக்வலைசர். சொந்தக்காரர்களிடம் விளக்கிக் களைத்துப்போய் இப்போதெல்லாம் "சவுண்ட் வேலை" என்று முடித்துக்கொள்கிறேன். போன மாதம் மாமா ஒருவர், கோயிலுக்குக் குழாய் ரேடியோ கட்ட என்ன வாடகை என்று கேட்டார்.

சேர்ந்த இரண்டாவது வருஷம் கம்ப்ரசரின் பழைய புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தப்பு கண்ணில் பட்டது. சத்தம் திடீரென்று ஏறினால் எவ்வளவு நேரத்தில் அதை அமுக்க வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ் உண்டு, அட்டாக் என்போம். கம்ப்யூட்டருக்கு மில்லிசெகண்ட் தெரியாது, சாம்பிள்தான் தெரியும், அதாவது ஒலியை நறுக்கி அளந்த ஒவ்வொரு துளி. செகண்டுக்கு எத்தனை சாம்பிள் என்று கேட்டுக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். எங்கள் புரோகிராமிலோ சிடிக்கான 44,100 என்ற எண்ணையே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். 10 மில்லிசெகண்ட் வைத்தால் 441 சாம்பிள். 48,000-இல் பதிவு செய்பவருக்கு அது 9.2 மில்லிசெகண்ட் ஆகிவிடும், பெரிதாகத் தெரியாது. 96,000 என்றால் 4.6, பாதிகூட இல்லை. குமிழ் மட்டும் 10 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே வரிதான். திருத்தி, அடுத்த அப்டேட்டில் பெருமையாகச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன். மேலூர்ப் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர். "தம்பி, என்ன பண்ணி வச்சீங்க? தவில் மூஞ்சில அறையுது." போன வருஷம் முடித்துக் கொடுத்த அம்மன் பாட்டில் ஊர்ப்பேரை மட்டும் மாற்றி, பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய புராஜெக்டைத் திறந்தால் வேறு சத்தம்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் எப்போதுமே 96,000-தான். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரலில் மாட்டிய கூடு பட்டதும் முதலில் 'டக்' என்று ஒரு முனை கிளம்பும். தோலின் நாதம் அதற்கப்புறம்தான். சில மில்லிசெகண்டில் அந்த முனை முடிந்துவிடும். முன்பு கம்ப்ரசர் 4.6-இலேயே பாய்ந்து அதன் மண்டையில் தட்டி உட்கார வைத்தது. இப்போது நிதானமாக 10-இல் வருகிறது. அதற்குள் ஆள் வெளியே போயாச்சு. ஒவ்வொரு அடிக்கும் பாடுகிற அம்மாவின் குரல் தவிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"கணக்குப்படி இப்பத்தாண்ணே சரி" என்றேன்.

"நான் என்ன கணக்குப் பார்த்தா வச்சேன்? காதுல கேட்டுத்தானப்பா வச்சேன்."

என்னிடம் பதில் இல்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் திட்டவில்லை. "வித்த அன்னைக்கே அந்தத் தப்பு அவர் சொத்தாயிருச்சுடா" என்றார். சேமித்த புராஜெக்டில் பிளகினின் பதிப்பு எண் ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பழைய எண் இருந்தால் பழைய கணக்கு, தப்போடு அப்படியே ஓடும்.

இங்கே மற்ற வழக்கங்களும் இதே குணம்தான். மாதச் சந்தா கிடையாது, ஒரே தடவை காசு. அண்ணன் அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் சொல்வதில்லை, ஸ்டூடியோக்காரர்களின் வரும்படியைச் சொல்வார்: ஆடியில் அம்மன் பாட்டு, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டு, பங்குனி சித்திரையில் ஊர்த் திருவிழா, நடுவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். புரட்டாசியில் சந்தா கட்ட முடியாதவருக்கு அவர் போட்ட ஆடிப் பாட்டே திறக்காது என்றால் எப்படி? காப்பியடிப்பதைத் தடுக்கப் பூட்டும் கிடையாது. வாங்கினவர் பெயர் எழுதிய சின்ன சாவி ஃபைல் ஒன்று, இன்டர்நெட்கூடக் கேட்காது. திருடுபவர்கள் திருடத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் நிறையவே. வாதம் செய்தால் அண்ணன் ரீப்பரைக் காட்டுவார். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் வினாம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் ஆரம்பித்த காக்கோஸ் கம்பெனியின் ஒலிப்பதிவு மென்பொருள் அது. சோதனைக் காலமான 60 நாள் முடிந்தாலும் நின்றுவிடாது. வாங்கச் சொல்லி நினைவூட்டும், அவ்வளவே. அதன் 1.0 பதிப்பு 2006-இல் வந்தது, கடை இன்னும் நடக்கிறது. "அவுங்களுக்கு உலகமே கடைண்ணே, நமக்கு மேலூரும் தேனியும்தான்" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த ஆடிக்கு மேலூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். பழைய பாட்டெல்லாம் சரியாக வருகிறதாம், புதுப் பாட்டுக்கும் அந்தச் சத்தமே வேண்டுமாம். ஆக, திருத்திய தப்புக்கு ஒரு பொத்தான் வைக்க வேண்டியதாயிற்று. '44,100 இணக்க முறை' என்று பெயர் எழுதிக் கொண்டுபோனேன். அண்ணன் அடித்துவிட்டு 'பழசு' என்று எழுதினார். மேலூர்க்காரர் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை.