ஒடெசா ட்ரெய்லர் நாட்குறிப்பு: முன்னங்கால் வேலை

மார்ச் 8, 2025, சனி. ஒடெசா, டெக்சாஸ்

மாசக் கடைசில வேலை நியூ மெக்சிகோ பக்கம் கார்ல்ஸ்பாடுக்கு மாறுது, ட்ரெய்லர கெளப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒருதடவ ஓட்டிப் பாத்துரலாம்னு காலைல லேண்டிங் கியர், அதாவது ட்ரெய்லரோட முன்னங்கால் ரெண்டையும் ஏத்தி எறக்குற மோட்டாரோட ஸ்விட்ச அமுக்கினேன். மோட்டார் ஓடுது, வலது கால் தூக்குது, இடது கால் அசையல, உள்ளார கடகடன்னு சத்தம் மட்டும் வருது. உடனே கைய எடுத்துட்டேன். இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா ஃப்ரேமே முறுக்கிக்கிட்டு நின்னிருக்கும்.

தெரியாதவங்களுக்காக: என்னோடது ஃபிப்த் வீல் வகை. ஃபிப்த் வீல்ங்கிறது பிக்கப் ட்ரக்கோட பின்தொட்டில இருக்கிற ஹிட்ச்ல ட்ரெய்லரோட முன்பக்க முளைய (கிங் பின்) மாட்டி இழுக்கிற பெரிய வீட்டு ட்ரெய்லர். ட்ரக்க கழட்டிட்டா முன்பக்க வெயிட்ட தாங்குறது ரெண்டே ரெண்டு கால்தான். மொத்த எடைல சுமாரா 15ல இருந்து 25 சதவீதம் முன்னாடி விழும். என்னோடது சாமானோட 12,000 பவுண்டு வரும், அப்ப அந்த ரெண்டு கால் மேல ஏறக்கொறைய 2,400 பவுண்டு. இந்த பெர்மியன் பேசின் எண்ணெய் வயல்ல வேலைக்கு வர்றவங்க நிறைய பேரு இப்படி ட்ரெய்லர்லதான் குடியிருக்கோம், எண்ணெய் வெல ஏறினா வீட்டு வாடகையும் சேந்து ஏறுற ஊரு இது.

இன்னைக்கு பிரிக்கல. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை குடுத்து, பாட்டில் ஜாக்ல ஃப்ரேம தூக்கி, ரெண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு, அதுக்குக் கீழ தடிமனான மரக்கட்டை வச்சு நிறுத்தினேன். பக்கத்து சைட்டு லூசியானாக்காரர், வெல்டிங் வேலை பாக்குற பெரியவர், வந்து ஒவ்வொரு கட்டையா காலால தட்டிப் பாத்துட்டு சரின்னு தலையாட்டினார். ஜாக்க மட்டும் நம்பி அடில போறவன் இந்த வேலைய தொடவே கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

இந்த மாடல்ல மோட்டார் ஒண்ணுதான். வலது கால் தலைல உக்காந்திருக்கு, அங்க கியர்பாக்ஸ், அதுலேருந்து ஒரு குறுக்கு ஷாஃப்ட் இடது காலுக்குப் போகுது, ரெண்டு கால் தலைலயும் பெவல் கியர் (சுத்துற திசைய குறுக்க திருப்பி விடுற சாய்வுப் பல் கியர்) இருக்கு, அது உள்ள இருக்கிற நீளமான ஸ்க்ரூவ சுத்தும், ஸ்க்ரூ சுத்த சுத்த உள்குழாய் எறங்கும் ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

ஷாஃப்ட்ட கப்ளிங்ல புடிச்சு வைக்கிற போல்ட்டுதான் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். உடையல, ஒரு கீறல் கூட இல்ல. தலைய தொடச்சுப் பாத்தா ஆறு கோடு. கிரேடு 8! அந்த எடத்துல இருக்க வேண்டியது மெத்துன்னு இருக்கிற ஷியர் போல்ட்டு, தலைல கோடே இல்லாத கிரேடு 2, கால் எங்கயாவது இறுகினா மொதல்ல அது அறுந்து கியர காப்பாத்தணும், அதுக்குத்தான் அது பொறந்ததே. கிரேடு 2ன்னா சதுர அங்குலத்துக்கு 74,000 பவுண்டு இழுவை தாங்கும், கிரேடு 8 1,50,000, அதாவது ரெண்டு மடங்கு. எனக்கு முன்னாடி இந்த ட்ரெய்லர வச்சிருந்தவரு அடிக்கடி போல்ட்டு அறுந்துபோகுதேன்னு கடுப்பாகி இத மாட்டியிருக்காரு போல. போல்ட்டு ஜம்முனு இருக்கு, இடது கால் பெவல் கியர்லதான் மூணு பல்லு காணோம்.

அது ஏன் அடிக்கடி அறுந்துச்சு, அதக் கண்டுபுடிக்காம புதுக் கியர் போட்டு என்ன பிரயோஜனம்.

மார்ச் 11, செவ்வாய்

ஷிஃப்டு முடிஞ்சு வந்து மல்டிமீட்டரோட உக்காந்தாச்சு. வெளிலேருந்து கரெண்ட் வர்ற ஷோர் பவர் கேபிள புடுங்கிட்டு பேட்டரில மட்டும் பாக்கணும், ஏன்னா ட்ரக்க மாட்டுற நேரத்துல பெரும்பாலும் அந்த கேபிள் இருக்காது. ஷாஃப்ட்ட கழட்டிட்டு, வலது காலுக்கு மட்டும் லோடு குடுத்து ஸ்விட்ச அமுக்கினா கிளாம்ப் மீட்டர் 22 ஆம்பியர் காட்டுது. பேட்டரில 12.2 வோல்ட், மோட்டார் முனைல 9.9. நடுவுல 2.3 எங்க போச்சுன்னு ஒவ்வொரு எடமா குத்திப் பாத்தேன்: ஃப்ரேம்ல அடிச்சிருக்கிற எர்த்து ஸ்க்ரூவுல 0.9, ஸ்விட்சுல 0.7, மீதி வயர்ல. வயர் 10 கேஜ், ஆயிரம் அடிக்கு 1 ஓம்னு கணக்கு, போய்வர 30 அடி, 22 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வருது, கணக்கு சரிதான்.

ஒரு காலுக்கே இப்படின்னா ரெண்டு காலையும் சேத்துத் தூக்கும்போது நெனச்சுப் பாருங்க. வோல்ட் கொறஞ்சா மோட்டார் வேகம் கொறையும், ஆனா அதே வெயிட்டுக்கு கரெண்ட் கொறையாது, ரொம்ப நேரம் தெணறிக்கிட்டே ஓடும், 30 ஆம்பியர் பிரேக்கர் சூடாகி ட்ரிப் ஆகும், ஆறினதும் அதுவா திரும்பப் புடிக்கும். இந்தக் கூத்த பாத்துட்டுதான் நிறைய பேரு மோட்டார் வீக்குன்னு முடிவு கட்டி பெருசு வாங்கிப் போடுறாங்க. பெரிய மோட்டார் போட்டா இதே கியர்ல இன்னும் சீக்கிரம் பல்லு பறக்கும்.

ராத்திரி ஹூஸ்டன்ல இருக்கிற கூட்டாளிகிட்ட பேசினேன். "மாப்ள, பேசாம ஹைட்ராலிக் போட்டுட்டு நிம்மதியா இருடா" ங்கறான். ஹைட்ராலிக் நல்லதுதான், இல்லங்கல, ஒவ்வொரு காலுக்கும் தனி சிலிண்டர், தானா லெவல் பண்ணிக்கும். ஆனா பம்பு, டேங்க்கு, ஹோஸுன்னு ஆயிரக்கணக்குல டாலர், பழைய ட்ரெய்லருக்கு எதுக்கு. "நீ குடுக்கிறியாடா காசு"ன்னேன், லைன் கட்டாயிருச்சு.

மார்ச் 15, சனி

நேத்துலேருந்து புழுதிக் காத்து. வாயத் தொறந்தா மண்ணு. இடது காலுக்கு கியர் மட்டும் தனியா கெடைக்கல, முழுக்காலாத்தான் வந்து எறங்கியிருக்கு. பழசு கழட்ட நாலு போல்ட்டு, அதுல ஒண்ணு துரு புடிச்சு கெடந்துச்சு, பெரியவர் கேஸ் டார்ச்சு கொண்டாந்து சூடு காட்டினதும் பொலபொலன்னு வந்துருச்சு. பக்கத்துலயே கேஸ் லைன், வயர் எல்லாம் போறதால ஈரச் சாக்கும் தீயணைப்பு சிலிண்டரும் பக்கத்துலயே வச்சுக்கிட்டோம்.

வலது காலையும் விடல. மேல்மூடிய தொறந்து ஸ்க்ரூவ உருவிப் பாத்தாத்தான் அசல் குற்றவாளி தெரிஞ்சுது. ஸ்க்ரூவோட தலைல மொத்த வெயிட்டையும் வாங்குற த்ரஸ்ட் பேரிங் இருக்கே, அது உருண்டை உருண்டையா இல்லாம தட்டையாப் போயிருக்கு. உள்ள இருந்த கிரீஸும் மேற்கு டெக்சாஸ் மண்ணும் கலந்து வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ஆகிக் கெடக்கு. பேரிங் இறுக இறுக மோட்டாருக்கு பாரம், இடது கால் பேரிங்கும் இதே மாதிரி இறுகித்தான் ஷாஃப்ட்டுல பாரம் ஏறி போல்ட்டு அறுந்திருக்கணும், அறுந்ததுக்கு வைத்தியம் கிரேடு 8.

ஒடெசால ஒரு வசதி, எண்ணெய்க் கிணத்து புண்ணியத்துல பேரிங் கடைக்கு பஞ்சமில்ல. உள்விட்டம் வெளிவிட்டம் தடிப்பு மூணையும் வெர்னியர்ல அளந்து கொண்டுபோனா ஷெல்ஃப்லேருந்து எடுத்துக் குடுத்துட்டாங்க.

மார்ச் 22, சனி

மாட்டியாச்சு. ஸ்க்ரூவ மண்ணெண்ணெய்ல கழுவி, லித்தியம் கிரீஸ் மெல்லிசா மட்டும் போட்டேன். அப்பிவிட்டா மண்ணத்தான் இழுக்கும். ரெண்டு காலையும் முழுசா மேல ஏத்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து அப்புறம்தான் ஷாஃப்ட்ட கோக்கணும், இல்லன்னா ஒரு கால் தரைல நிக்கும் இன்னொண்ணு அந்தரத்துல தொங்கும். கோடில்லாத போல்ட்டு மாட்டி, அதே போல்ட்டு இன்னும் ஒரு கைப்பிடி அளவு வாங்கி ட்ரக் டேஷ்போர்டு பெட்டில போட்டாச்சு.

வயரிங்க மாத்தினதுதான் அப்கிரேடுன்னு சொல்லணும். பாரம் இழுக்கிற விஞ்ச்சுக்குப் போடுற, மோட்டார ரெண்டு திசைலயும் ஓட விடுற ரிவர்சிங் ரிலே ஒண்ணு மோட்டார் பக்கத்துலயே வச்சு, பேட்டரிலேருந்து அதுக்கு 6 கேஜ் வயர் (கேஜ் நம்பர் கொறைய கொறைய வயர் தடிமன்), எர்த்தும் 6 கேஜ்ல நேரா பேட்டரிக்கே, ஃப்ரேம நம்புற கதையே வேணாம். பழைய ஸ்விட்சு இப்ப ரிலே காயிலுக்கு மட்டும் கரெண்ட் குடுக்குது, கொஞ்சம் ஆம்பியர்தான், இனி கருகாது. பிரேக்கர் அதே 30தான், பேட்டரிய ஒட்டினாப்ல. வயர் தடிச்சிருச்சேன்னு பிரேக்கர 50க்கு ஏத்தினா மோட்டார யாரு காப்பாத்துறது?

ரெண்டு காலையும் சேத்து முழு லோடுல தூக்கினேன்: 26 ஆம்பியர், மோட்டார் முனைல 11.7 வோல்ட். சத்தமே வேற.

மார்ச் 29, சனி. கார்ல்ஸ்பாடு

ஐ-20 ஹைவேல பெக்கோஸ் வரைக்கும் வந்து அங்கேருந்து 285ல வடக்க ஏறினோம். அந்த ரோட்ட பத்தி கேக்கவே வேணாம், முன்னாடி மணல் லாரி, பின்னாடி தண்ணி லாரி, ஷோல்டர்ல வெடிச்ச டயரு.

இங்க எறக்கும்போது மொதல்ல ட்ராப் லெக் (மோட்டார் இல்லாம கையால எறக்குற உள்கால்) பின்ன உருவி அத தரை வரைக்கும் விட்டுட்டு, அடில ஒரு கட்டைய வச்சு, மோட்டார்ல சில அங்குலம் மட்டும் தூக்கினேன். ஸ்க்ரூவ எவ்வளவு கம்மியா வெளிய விடுறோமோ அந்தளவுக்கு கால் ஆடாது. 25 ஆம்பியர். அடுத்து கால கையால சுத்தி ஏத்தி எறக்குற கிராங்க் முனைக்கு சரியான சாக்கெட்டு தேடணும், பேட்டரி செத்தா கார்ட்லெஸ் ட்ரில் வச்சு சுத்திக்கலாம்.