ஓட்டை விழுந்த மாவுப்பூச்சி

காலையில் கொல்லைப் பப்பாளியின் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், நாலைந்து பூச்சிகள் உப்பிப் பழுப்பேறி, காய்ந்த கூடாகக் கிடந்தன. சிலவற்றின் ஓரத்தில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஒரு ஓட்டை.

மனசு துள்ளியது. உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வாசல் அது!

இந்த மாவுப்பூச்சி 2008இல் இந்தியாவில் முதலில் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது. பப்பாளி போச்சு, மரவள்ளி போச்சு, மல்பெரியும் போச்சு. உடம்பெல்லாம் மெழுகு, மருந்து ஒட்டாது. மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் செத்துப்போகும். விவசாயி எந்தப் பக்கம் போவார்?

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நன்றாக நிலைத்தது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும்.

'ஜர்னல் ஆஃப் எகனாமிக் எண்டமாலஜி' என்று 1908 முதல் வரும் ஆய்விதழ் ஒன்று உண்டு. பூச்சியால் எவ்வளவு நஷ்டம், எந்த அளவைத் தாண்டினால் மருந்துச் செலவு கட்டும் என்பதெல்லாம் அதன் பேச்சு. பூச்சியியலில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது. எல்லாப் பூச்சியையும் கொல்லச் சொல்லாத கேள்வி.

அம்மா சோப்புத் தண்ணீரோடு வந்தார்.

"இந்த இலையை மட்டும் விட்டுடுங்கம்மா. உள்ள இன்னும் குளவி இருக்கு."