வேற இருதயம் வைக்க ஏலாதா, மிஸ்?

மலையகத்தில் குழந்தைகள் வாட்டில் வேலை செய்யும் எங்களுக்கு, இதய நோயின் முதல் தகவல் சில நேரம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்தே வந்துவிடும். நுவரெலியாக் குளிரில், கம்பளித் தொப்பிக்குக் கீழே பிள்ளையின் நெற்றி வேர்த்து நனைந்திருந்தால் அங்கே பிள்ளை பார்க்கும் அக்கா சும்மா இருக்கமாட்டார். கொழுந்து மலையிலிருந்து தாயைக் கூப்பிட்டுவிடுவார். பிள்ளை இரண்டு வாய் பால் குடிக்கும், களைத்து விட்டுவிடும், பசியில் மறுபடி அழும். சோர்ந்துபோன இதயத்துக்குப் பால் குடிப்பதே மலையேறுகிற மாதிரி.

எக்கோ ஸ்கேனில் இதயத்தசை விரிந்து தளர்ந்திருப்பது தெரிந்ததும் தாய் தகப்பன் கேட்கிற கேள்வி இப்போதெல்லாம் ஒன்றுதான்: "வேற இருதயம் வைக்க ஏலாதா, மிஸ்?" போனில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பார்கள். 2017இல் கண்டியில் இலங்கையின் முதல் இதயமாற்று நடந்த செய்தியும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. அது வளர்ந்த ஒருவருக்கு.

இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கும் டொக்டர்மாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டவர்களுக்கு முழுசாகச் சொல்லிவிடுவேன்.

பிள்ளைக்குப் பிள்ளை அளவு இதயம்தான் வேண்டும். ஒரு தகப்பன் பாதியிலேயே புரிந்துகொண்டு, "அப்ப இன்னொரு பிள்ளை சாகணுமா?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர அதற்குப் பதில் இல்லை. 1967 டிசம்பர் 3ஆம் திகதி கேப்டவுனில் டொக்டர் பார்னார்ட் ஒரு மனித இதயத்தை இன்னொருவருக்கு மாற்றிய உலகின் முதல் சத்திரசிகிச்சைக்கு மூன்றே நாட்களில் நியூயோர்க்கில் டொக்டர் காண்ட்ரோவிட்ஸ் ஒரு கைக்குழந்தைக்குச் செய்து பார்த்தார். குழந்தை சில மணித்தியாலங்கள்தான் இருந்தது. இன்று கைக்குழந்தையில் வைத்த இதயங்கள் பல 20 வருடங்களுக்கு மேலும் ஓடுகின்றன. ஆனால் கிடைக்கும்வரை பிள்ளை தாக்குப்பிடிக்க வேண்டுமே.

அதற்குத்தான் பெர்லின் ஹார்ட். சென்னையில் பயிற்சிக்குப் போயிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். இதயத்திலிருந்து வரும் குழாய்கள் வயிற்றுத்தோலைத் தாண்டி வெளியே ஒரு சின்னப் பம்பில் முடிகின்றன. ஆகச் சிறியது ஒரு துடிப்புக்கு 10 மில்லிலீற்றர்தான் தள்ளும். பம்புக்குள் ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். கூடு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் தாதி டோர்ச் அடித்து, வால்வுகளின் ஓரத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார். இரத்தக்கட்டி ஒன்று பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கிற மருந்து கூடினாலோ இரத்தப்போக்கு. அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. இயந்திரத்தின் குழாய் எட்டும் தூரம்தான் அதற்கு உலகம், அதுவும் மாதக்கணக்கில்.

மாற்றிய பிறகும் முடிவதில்லை. உடம்பு புது இதயத்தை ஒதுக்காமலிருக்க, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க மருந்து. அப்புறம், மாற்றும்போது நரம்புகள் அறுபடுவதால், பிற்காலத்தில் இதயத்தின் இரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சு பெரும்பாலும் வலிக்காது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் ஆகிறவர்களுக்கு இதெல்லாம் லேசான காரியமா?

சரி, எங்கள் வாட்டில் என்ன இருக்கிறது? கப்டோப்ரில், புருசமைட், டிகொக்சின் என்ற மருந்துகள், தினமும் காலையில் அதே தராசில் நிறை. வைரஸ் காய்ச்சலால் தளர்ந்த இதயமாக இருந்தால் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் தானாகவே தேறிவிடும். அதுவரை மருந்து தப்பக்கூடாது, கூடவும் கூடாது. டிகொக்சின் கொஞ்சம் கூடினாலே ஆபத்து. அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது சிரிஞ்சில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, என் கண் முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்வேன். பாட்டியையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லிவிடுவேன்; அம்மா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போன பிறகு காலை மருந்தைக் கொடுப்பது அவர்தான்.